நடக்க முடியாத நாய்க்கும் வீடு கிடைக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெருநாய்களைப் பற்றி உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் வரும் கடிதங்களை விடாமல் படித்து வருகிறேன். நாய்க்கடிபட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் எழுதுகிறவர்களில் பலர் “பிடித்துக் காப்பகத்தில் விடுங்கள்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளே போன நாய் அப்புறம் என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் அம்பத்தூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டு நாய் கருப்பிக்குப் பின்னங்கால் இரண்டும் வராது. வண்டி மோதி முதுகெலும்பில் அடிபட்டு, ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் கிடந்தவள்.

எந்தக் காப்பகத்திலும் குட்டிகளுக்கு வீடு கிடைத்துவிடும். யாரோ கைவிட்ட லாப்ரடார், பொமரேனியன் வந்தால் கேட்டுக்கொண்டு ஆள் வரும். பின்பக்கக் கொட்டகையில் இருப்பவைதான் அங்கேயே கிடக்கும்: இடுப்புக்குக் கீழே செயலிழந்தவை, கண் போனவை, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயில் தப்பித்தும் தலை வெட்டிக்கொண்டே இருப்பவை, வலிப்புக்கு வேளை தவறாமல் மாத்திரை வேண்டியவை. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம். நடக்க முடியாததை எந்தத் தெருவில் விடுவது? இதற்கு நடுவே, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைக் காப்பகத்தில்தான் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இருக்கிற கொட்டகையில் இன்னும் எத்தனை நாய்களை அடைப்பது? கருப்பி மாதிரி ஒரு நாய் வெளியே வந்தால்தான் அடிபட்டு வரும் இன்னொன்றுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

எங்களுக்கு முன்பே ஒரு குடும்பம் கருப்பியை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. நல்ல மனிதர்கள்தான். ஆசையாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவளுக்கு மூத்திரப்பையைக் கையால் அழுத்தித்தான் காலி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த நாய்களுக்குச் சிறுநீர் தானாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். பார்க்கிறவர்கள் சரியாகத்தான் போகிறது என்று நினைத்துவிடுவார்கள். உண்மையில் பை நிரம்பி வழிவதுதான் அது. உள்ளே தேங்கியது அப்படியே நின்று கிருமி பிடிக்கும், காய்ச்சல் வரும், சாப்பாட்டை ஒதுக்கும். அந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. பயந்துபோய்க் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள்.

எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒரு பையன். “அக்கா, கையைக் கொடுங்க” என்று என் விரல்களைப் பிடித்து, கருப்பியின் அடிவயிற்றில் பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் வைத்தான். இரண்டு பக்கமும் கையை வைத்து மெதுவாக உள்ளே கொண்டுபோனால், தண்ணீர் நிறைத்த பலூன் மாதிரி ஒன்று தட்டுப்படும். திடீரென்று அமுக்கக் கூடாது. ஒரே சீராக, பின்பக்கம் தள்ளுகிற மாதிரி அழுத்தம் கொடுத்தால் தாரையாக வரும். பை சுருங்கிக்கொண்டே வருவது கைக்கே தெரியும். முற்றிலும் காலியாகும்வரை விடக்கூடாது. காலை, மதியம், இரவு என்று வேளை தவறாமல் செய்ய வேண்டும். சிறுநீர் கலங்கலாக வந்தாலோ, வாடை மாறினாலோ, ரத்தம் கலந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவ்வளவையும் அந்தப் பையன் பொறுமையாகச் சொன்னான். என் கையால் செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினான். என் மாமியார் முதலில் “நாய்க்கு இந்த ஊழியமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நான் கடையில் இருந்தால் மதிய வேளை அவர் பொறுப்பு.

மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். தரையில் இழுத்து இழுத்துத் தொடையும் பாதமும் தேய்ந்து புண்ணாகும். ஈ உட்கார்ந்தால் புழு வைத்துவிடும், அதனால் தினமும் காலைத் தூக்கிப் பார்க்கிறோம். படுக்கை மெத்தென்று இருக்க வேண்டும், ஒரே பக்கம் படுக்க விடாமல் திருப்பிப் போட வேண்டும். நாய்க்கென்று விற்கும் டயப்பர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. குழந்தைகளுக்கானதை வாங்கி, வாலுக்கு ஓட்டை வெட்டி, உள்ளிருக்கும் ஜெல் சிந்தாமல் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்கிறோம். ஆனால் டயப்பர் புண்ணுக்குக் குழந்தைகளுக்குத் தடவும் துத்தநாகக் களிம்பை நாய்க்குத் தடவக் கூடாது. நக்கிவிட்டால் விஷம். நம் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையும் அப்படித்தான்.

சக்கர வண்டியைப் பக்கத்துப் பட்டறைக்காரர் பிவிசி குழாயில் செய்து கொடுத்தார். தோள்பட்டையிலும் இடுப்பிலும் மாட்டும் பட்டைகளை நான் தைத்தேன். வண்டியில் ஏற்றினால் தெருமுனைவரை ஓடுகிறாள். ஆனால் நாள் முழுக்க அதில் வைக்க முடியாது, பட்டை உராய்ந்து புண்ணாகும், அவளாலும் படுக்க முடியாது. வீட்டுக்குள், தரையில் தேயாமல் பின்னுடலை உள்ளே வைத்து மாட்டிவிடும் இழுவைப்பைதான் சௌகரியம். அதைத் தைக்கும் முறையைப் பிறகு சொல்கிறேன்.

“இப்படிக் கஷ்டப்படுவதற்கு ஊசி போட்டு முடித்துவிடலாமே” என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். குணப்படுத்த முடியாத நோய், பிழைக்க வழியில்லாத காயம் என்றால் கால்நடை மருத்துவர் மூலம் வலியில்லாமல் முடித்துவைக்க 2023-ஆம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள் இடம் தருகின்றன. அது தேவையான ஏற்பாடு, நான் எதிர்க்கவில்லை. கருப்பியின் நிலைமை அது இல்லை. காயம் ஆறிவிட்டது. வயிறார சாப்பிடுகிறாள், கேட் சத்தம் கேட்டால் முன்னங்கால்களாலேயே யாரையும் முந்திக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறாள். நடக்காத நாய் எல்லாம் வேதனையில் கிடக்கிறது என்று தூரத்தில் இருந்து முடிவுகட்டுவது சரியில்லை.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் தெருவுக்குத் திரும்பாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொன்னது. சென்னை மாநகராட்சி வளர்ப்பு நாய்க்கு உரிமமும், அடையாளத்துக்காகத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கிவிட்டது. எல்லாம் சரி. பொறுப்பைக் கொடுக்கிறவர்கள் அதைச் செய்யும் முறையையும் சொல்லித் தர வேண்டாமா? காப்பகங்கள் இந்த மாதிரி நாயைக் கொடுக்கும்போது என்ன நோய், எப்போது தடுப்பூசி, எந்த மாத்திரை எந்த வேளை, எதைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எடுக்க வந்தவரின் கையால் செய்ய வைத்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது. முடியாமல் திருப்பிக் கொண்டுவருகிறவரிடம் முகம் சுளிக்கவும் கூடாது. சுளித்தால் அடுத்தவர் காப்பகத்துக்குத் திரும்பாமல் ரோட்டோரம் விட்டுவிட்டுப் போவார்.

அரசிடம் கேட்பது ஒன்றுதான். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நல்ல வைத்தியம் கிடைக்கிறது. ஆனால் நடக்க முடியாத நாயோடு அம்பத்தூரில் இருந்து ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். நாய் என்றால் ஏற்ற மாட்டேன் என்பார்கள், ஏற்றினால் கூடக் கேட்பார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போனால் அன்றைய வருமானமும் போய்விடும். காப்பகத்தில் இருந்து எடுத்த நோயாளி நாய்களுக்கு, அந்தந்தப் பகுதியில் உள்ள அரசுக் கால்நடை மருந்தகத்தில் வாரம் ஒரு காலை நேரத்தை ஒதுக்கினால் போதும். சிறுநீர்ப் பரிசோதனையும் மாத்திரையும் அங்கேயே கிடைத்தால், தயங்கி நிற்கும் எத்தனையோ வீடுகள் முன்வரும்.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தத்தெடுப்புச் செய்தி போடும்போது குட்டிகளின் படத்தோடு பின்பக்கக் கொட்டகையில் இருப்பவற்றின் படத்தையும் போடுங்கள். நாய்க்கு என்ன குறை, தினமும் என்ன செய்ய வேண்டும் என்று மறைக்காமல் இரண்டு வரி சேருங்கள்.

இழுவைப்பையைச் சொல்கிறேன் என்றேனே. குடைத்துணியோ பழைய ரெயின்கோட்டோ இருந்தால் போதும். அடிப்பக்கம் வழுக்கும் துணி, உள்பக்கம் பருத்தி. இடுப்புச் சுற்றளவும், விலா எலும்பு முடியும் இடத்தில் இருந்து பாதம்வரை நீளமும் எடுத்து, இடுப்பைவிட நான்கு விரல் தளர்வாக வெட்ட வேண்டும். தோளில் மாட்ட இரண்டு பட்டை, பையின் வாயில் அகல எலாஸ்டிக். எலாஸ்டிக் வயிற்றை அழுத்தக் கூடாது. காற்றோட்டம் வேண்டும் என்பதால் அவ்வப்போது கழற்றி விட வேண்டும். நாயின் அளவோடு துணி கொண்டுவரும் எந்தக் காப்பகத்துக்கும் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கிறேன். என் முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். கேட்டு எழுதும் காப்பகங்களுக்கு மட்டும் அதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்பத்தூர் வாசகி