கடல் வற்றும் நேரம் பார்த்துப் பேருந்து கிளம்பட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த நார்மண்டி பயணக் கட்டுரையை ரசித்துப் படித்தேன். அதில் ஒரு வரி மட்டும் உறுத்தியது: பாரிஸிலிருந்து காலையில் கிளம்பினால் 1944 ஜூன் 6-ஆம் தேதி நேச நாட்டுப் படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்கிறார் கட்டுரையாளர்.

பார்த்துவிடலாம்தான். நானும் போன வருடம் 46 பேர் கொண்ட குழுவோடு அப்படித்தான் பார்த்தேன். எதைப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால்தான் சங்கடம். பேருந்தில் போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். இடையில் ஒவ்வொரு இடத்திலும் 25 நிமிடம். அதில் பாதி கழிப்பறை வரிசையிலும், தலை எண்ணுவதிலும் போய்விடும். குழுப் பயணம் என்றால் இதெல்லாம் இருக்கும், அதைக் குறை சொல்லவில்லை.

என் வருத்தம் அந்தக் கரையோர ஊரான ஆரோமான்ஷ் பற்றியது. அங்கே நாங்கள் இறங்கியபோது கடல் கரை முட்ட ஏறியிருந்தது. தூரத்தில் தண்ணீருக்கு மேல் கறுப்பாகச் சில பெட்டிகள் தெரிந்தன. "அதுதான் படைகளுக்குச் சரக்கு இறக்க அமைத்த செயற்கைத் துறைமுகம்" என்றார் வழிகாட்டி. தலையாட்டினோம், படம் எடுத்தோம், ஏறிவிட்டோம். அந்தப் பெட்டிகள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இழுத்து வரப்பட்ட கான்கிரீட் கூடுகள். பெரியவை 60 மீட்டர் நீளம், 6,000 டன் எடை. கடல் வற்றியிருக்கும் நேரத்தில் போயிருந்தால் அவற்றில் சிலவற்றின் அருகே மணலிலேயே நடந்து போயிருக்கலாம். இதை ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஏற்பாட்டாளரிடம் இதைச் சொன்னேன். "கடல் எங்கே போய்விடப் போகிறது மேடம், எப்போது போனாலும் அங்கேதானே இருக்கும்" என்றார். அங்கே இருப்பதில்லை என்பதுதானே விஷயம்! அந்தக் கரையில் ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், பெரிதாக இருக்கும் நாட்களில் நீர்மட்டம் ஏழு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது. அந்த ஐந்தில் ஒன்றான ஒமாஹா கடற்கரையில் காலையில் முந்நூறு மீட்டர் மணல் இருக்கும், மதியம் ஒரு கீற்றுதான் மிஞ்சும்.

படைகள் இறங்கிய தேதியையே தீர்மானித்ததில் ஓதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஜெர்மானியர்கள் கரை நெடுகத் தடுப்புகளை நட்டு, நீர் ஏறும்போது அவை மூழ்கியிருக்கும்படி செய்திருந்தார்கள். ஆகவே விடியும் நேரத்தில் கடல் வற்றி, மெல்ல ஏறத் தொடங்கும் நாள் வேண்டியிருந்தது. பாராசூட் வீரர்களுக்கு நிலா வெளிச்சமும் வேண்டும். ஜூன் 5, 6, 7 மட்டுமே பொருந்தின. 5-ஆம் தேதி வானிலை கெட்டதால் ஒரு நாள் தள்ளிப்போனது. ஓதம் அடுத்துப் பொருந்தும் நாட்களுக்காக இன்னும் இரண்டு வாரம் தள்ளியிருந்தால் 19-ஆம் தேதி எழுந்த புயலில் மாட்டியிருப்பார்கள். ஒமாஹாவில் அமைத்திருந்த இன்னொரு செயற்கைத் துறைமுகத்தை நொறுக்கிப்போட்ட புயல் அது. அப்புறம் இன்னொன்று: ஓதம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்வதால் அமெரிக்கர்கள் ஆறரை மணிக்கும், கிழக்கே பிரிட்டிஷ்காரர்கள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்தும் இறங்கினார்கள். ராணுவமே கடலைக் கேட்டு நேரம் குறித்த இடத்துக்கு நாம் மதியச் சாப்பாட்டைக் கேட்டு நேரம் குறிக்கிறோம்.

வரிசையை மாற்றுவதில் பெரிய சிரமமும் இல்லை. புவாந்த் டு ஹோக்கில் அமெரிக்க ரேஞ்சர் வீரர்கள் கயிறு கட்டி ஏறிய முப்பது மீட்டர்ப் பாறையும், மேலே குண்டு விழுந்த பள்ளங்களும் எந்த நேரத்திலும் அப்படியேதான் இருக்கும். லோங் சுர் மேரில் கான்கிரீட் காப்பறைக்குள்ளேயே நிற்கும் ஜெர்மன் பீரங்கிகளும் அப்படியே. கோல்வில் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் 9,380-க்கும் மேற்பட்ட வெள்ளைக் கற்கள் உள்ளன. மூடும் நேரத்துக்கு முன்னால் போனால் போதும். ஓதத்துக்குக் கட்டுப்பட்டவை ஆரோமான்ஷும் மணற்பரப்புகளும்தான். பிரெஞ்சுக் கடலளவைத் துறை ஓத அட்டவணையை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை வைத்து முதலில் இந்த இரண்டுக்கும் நேரம் குறித்துவிட்டு, மற்றவற்றை முன்னும் பின்னும் அடுக்கலாம். கூடவே ஐந்தில் இரண்டு கடற்கரையை விட்டுவிடலாம். மிச்சமாகும் நேரத்தில் பாயு ஊரின் போர்க் கல்லறையில் நிதானமாக நிற்கலாம். அங்குள்ள கற்களில் குடும்பத்தார் எழுதித் தந்த வரிகள் இருக்கின்றன. எங்கள் குழுவில் ஒரு பாட்டி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நின்றார். பேருந்து ஹாரன் அடித்துத்தான் அவரைக் கூப்பிட்டது. எனக்கு அந்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது.

இனி இப்படியான பயணக் கட்டுரைகள் வெளியிடும்போது ஓத நேரத்தைப் பற்றியும் ஒரு பெட்டிச் செய்தி சேருங்கள். கட்டுரையாளர் ஆரோமான்ஷுக்கு எத்தனை மணிக்குப் போனார், அப்போது தண்ணீர் எங்கே நின்றது என்பதையும் முடிந்தால் அடுத்த இதழில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி