சி மொழி வகுப்பில் உள்ளீடு வாங்கும் பாடம் குறித்த புகார்

பெறுநர்: பாடத்திட்டப் பொறுப்பாளர் அவர்கள்

பொருள்: உள்ளீட்டுப் பாடத்தில் உள்ள பிழைகளைத் திருத்தக் கோருதல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் இணையவழி சி (C) என்னும் கணினி நிரல் மொழி வகுப்பில் என் தங்கை கட்டணம் செலுத்திப் படித்து வருகிறாள். லூப், ஃபங்ஷன் பாடங்கள் நன்றாகவே இருக்கின்றன. கீபோர்டிலிருந்து உள்ளீடு வாங்கும் பாடம்தான் தவறானது.

அதில் வரும் மாதிரி நிரல், உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃப் (scanf) ஃபங்ஷன் மூலம் முதலில் வயதை எண்ணாக வாங்குகிறது. அடுத்து, தொடரலாமா என்று கேட்டு ஓர் எழுத்தை வாங்க வேண்டும். ஆனால் அங்கே நிற்காமல் ஓடிவிடுகிறது. வயதுக்குப் பின் அழுத்திய என்டர், தட்டியவை நிரல் எடுக்கும்வரை காத்திருக்கும் இடமான பஃபரிலேயே கிடக்கிறது. அதையே எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. எண் வாங்கும்போது முன்னால் இருக்கும் வெற்றிடங்களை (என்டரும் இதில் சேரும்) ஸ்கேன்எஃப் தாண்டிவிடும், எழுத்து வாங்கும்போது தாண்டாது. எந்த வகை உள்ளீடு வேண்டும் என்று ஸ்கேன்எஃபுக்குச் சொல்லும் ஃபார்மட்டில், எழுத்துக்கான குறிக்கு (%c) முன் ஓர் இடைவெளி விட்டாலே இது சரியாகிவிடும். உங்கள் ஆசிரியரோ, வெளியீட்டு பஃபரை வெளியே அனுப்புவதற்கான எஃப்ஃப்ளஷ் (fflush) ஃபங்ஷனை, கீபோர்ட் உள்ளீடான எஸ்டிடின் (stdin) மீது அழைக்கச் சொல்கிறார். சி தரநிலை அதற்கு எந்தப் பலனையும் வரையறுக்கவில்லை. நிரலைக் கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலர் ஒன்றில் நடப்பது இன்னொன்றில் நடக்காமல் போகலாம்.

இதைவிட என்னை வருத்தியது வேறு. கால்குலேட்டர் பயிற்சியில் எண்ணுக்குப் பதில் ஓர் எழுத்தைத் தட்டினால் நிரல் முடிவில்லாமல் சுற்றுகிறது. எண்ணாக மாற்ற முடியாத எழுத்து பஃபரில் அப்படியே இருக்க, ஒவ்வொரு சுற்றிலும் ஸ்கேன்எஃப் அதிலேயே முட்டி நிற்கிறது. எத்தனை மதிப்புகள் சரியாகக் கிடைத்தன என்பதை அது திருப்பித் தருகிறதே, அதை ஒரு பாடத்திலாவது சோதித்துக் காட்டியிருக்கிறீர்களா? உதவிப் பிரிவில் கேட்டதற்கு, "எண்ணை மட்டும் டைப் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. தப்பாகத் தட்டுவது பயனரின் இயல்பு. அதைத் தாங்கும்படி எழுதக் கற்றுத்தரத்தானே இந்தப் பாடம்? தொடக்கத்திலேயே இப்படி மாட்டிக்கொள்ளும் பிள்ளைகள் தங்களுக்குத்தான் நிரல் எழுத வரவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்புறம், பெயர் வாங்க, ஒரு முழு வரியை வாங்கும் கெட்ஸ் (gets) ஃபங்ஷனைச் சொல்லித்தருகிறீர்கள். எழுத்துகளைச் சேமிக்க ஒதுக்கிய இடத்தின் (array) அளவே தெரியாமல் எழுதிக்கொண்டே போகும் இந்த ஃபங்ஷனை 2011-இல் வந்த சி11 தரநிலை நீக்கிவிட்டது. 1988-இல் இணையத்தில் தானே பரவிய மோரிஸ் வார்ம் என்ற தீய நிரல் கணினிகளுக்குள் நுழைந்த வழிகளில் ஒன்று இதே ஓட்டைதான். இன்னமும் இதைச் சொல்லித்தருவதை ஏற்க முடியாது.

இடத்தின் அளவைச் சொல்லி வரியை வாங்கும் எஃப்கெட்ஸ் (fgets) கொண்டு ஒரு முழு வரியை வாங்கி, எண் வேண்டுமானால் அதை, எழுத்துகளை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டோல் (strtol) மூலம் மாற்றி, ஒவ்வொரு கட்டத்திலும் கிடைத்ததைச் சோதிக்கும் முறையில் இந்தப் பாடத்தைப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். வரியின் கடைசியில் என்டரும் சேர்ந்து வரும், வரி நீளமாக இருந்தால் மிச்சம் பஃபரில் தங்கும் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே படித்து முடித்த மாணவர்களுக்கும் திருத்தத்தை அனுப்ப வேண்டும். இதைச் செய்ய இயலாதென்றால் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருகிறேன். உங்கள் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
மாணவியின் அண்ணன்