ஆய்வேட்டு அலுமாரியின் திறப்பைத் தாருங்கள்

கிழக்கு மாகாணத்தில் கல்வியியலிலும் சமூக விஞ்ஞானங்களிலும் பட்டப்பின் கற்கைகளை நடத்தும் பீடங்களின் பொறுப்பாளர்களுக்கும், ஆய்வு முன்மொழிவுகளை மதிப்பிடும் குழுவினருக்கும், நூலகத்தாருக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கீழ் வகுப்புகள் மட்டுமுள்ள ஒரு வகை 3 பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வார இறுதியில் உங்களில் ஒருவருடைய கல்வி முதுமாணி மாணவி. எந்தப் பீடம் என்று எழுதப்போவதில்லை. எனக்கு வாய்மொழித் தேர்வு இன்னும் நடக்கவில்லை, புரிந்துகொள்வீர்கள்.

போன மாதம் என் முன்மொழிவைக் குழுவின் முன் வைத்தேன். சிறிய பாடசாலைகளில் தரம் 3 பிள்ளைகளின் வாசிப்பு ஏன் பின்தங்குகிறது, பெரும்போக அறுவடைக் காலத்தில் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் விடுவதற்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் விடயம். இரண்டாவது ஸ்லைட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "இது ஏற்கனவே செய்தாச்சே. எங்கட நூலகத்திலேயே இருக்கு. இலக்கிய மீளாய்வு என்றால் அதைத்தானே முதலில் பார்க்க வேணும்?" என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தலைப்பை மாற்றிக்கொண்டு அடுத்த அமர்வுக்கு வரும்படி அனுப்பிவிட்டார்கள்.

ஐயா, அம்மா, அந்த ஆய்வேட்டைப் பார்க்கத்தான் நான் இவ்வளவு காலமும் அலைகிறேன்.

நூலகத்தின் இணையப் பட்டியலில் அதன் தலைப்பு இருக்கிறது. ஆண்டும் அரைப் பக்கச் சுருக்கமும் இருக்கின்றன. கோப்பைத் திறக்கப்போனால் கடவுச்சொல் கேட்கிறது, மாணவர் இலக்கத்தைக் கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறது. சரி, அச்சுப் பிரதியைப் பார்ப்போம் என்று போனால் அது கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலுமாரிக்குள் நிற்கிறது. கறுப்பு மட்டை, முதுகில் பொன்னெழுத்து. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று தலைப்பை மட்டும் வாசிக்கலாம். அலுமாரியின் திறப்பு ஒரு உத்தியோகத்தரிடம் இருக்கிறது. அவர் வேலை நாட்களில் அலுவலக நேரத்தில் இருப்பார். சனி ஞாயிறில் இருக்க மாட்டார்.

கல்வி முதுமாணி சனி ஞாயிறில்தான் நடக்கிறது. படிக்க வருகிறவர்கள் ஆசிரியர்களும் அதிபர்களும் ஆசிரிய ஆலோசகர்களும். வேலை நாட்களில் அவர்கள் பாடசாலையில் நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் அப்படி ஒழுங்கு செய்தீர்கள். வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் விடியப்புறம் பஸ் ஏறி வருகிறவர்களுக்காக வாசிப்பு மண்டபத்தையும் திறந்து வைக்கிறீர்கள். அதற்கு நன்றி. ஆய்வேட்டு அறைக்கு மட்டும் வார இறுதி கிடையாது.

லீவு போட்டுப் போன நாளில் உத்தியோகத்தர் கூட்டத்துக்குப் போயிருந்தார். பிறகு போனபோது மேற்பார்வையாளரின் கடிதம் கேட்டார். அதை வாங்கிக்கொண்டு போனால் பீடாதிபதியின் ஒப்பமும் வேண்டும் என்றார். அதுவும் கிடைத்தது. அப்புறம்தான் சொன்னார், ஆய்வேட்டை எழுதியவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் வெளியே எடுக்க முடியாதாம். எழுதியவர் இப்போது எங்கே இருக்கிறார், எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்டேன். தனிப்பட்ட விபரங்களைத் தர முடியாது என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்த விதியை அவர் காக்கிறார்.

இந்தப் புத்தகத்தைத்தான் நான் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள்.

என் வேண்டுகோள் இதுதான். ஏற்றுக்கொண்டு, பட்டமும் கொடுத்து முடிந்த ஆய்வேடுகளை முழுமையாகத் திறந்து வையுங்கள். இணையத்தில், கடவுச்சொல் இல்லாமல்.

இதொன்றும் யாரும் செய்யாத புதுமை இல்லை. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் ஒழுங்குவிதி கொண்டுவந்து, ஆய்வேடுகளை மின்வடிவில் கொடுக்கவேண்டும் என்று ஆக்கியது. அவை ஷோத்கங்கா என்ற களஞ்சியத்தில் கிடக்கின்றன, யாரும் பார்க்கலாம். குருமண்வெளித் துறையில் நின்றுகொண்டு, அக்கரையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மண்டூர்ப் பாதை என்கிற மிதவைப் படகு வரும்வரை, தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்து ஆய்வேட்டைப் போனில் இறக்கி வாசிக்கிறேன். அந்தத் துறைக்கு எதிரே தெரியும் ஊர்களில் நடந்த ஆய்வை வாசிக்க எனக்கு வழியில்லை. இங்கேயே பாருங்கள்: 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் பழைய சஞ்சிகைகளும் கோயில் மலர்களும்கூட இலவசமாகக் கிடைக்கின்றன. செலவு என்று சொல்லவும் இடமில்லை. பல்கலைக்கழகங்கள் பாவிக்கும் டிஸ்பேஸ் மென்பொருள் இலவசம். உங்களிடம் களஞ்சியம் ஏற்கனவே ஓடுகிறது, பூட்டுத்தான் அதிகமாக இருக்கிறது.

முன்மொழிவோடு பாடசாலை அதிபரின் சம்மதக் கடிதத்தை இணைக்கச் சொல்கிறீர்கள். அதற்காகப் போன இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும்.

ஒரு அதிபர் கடிதம் தர மாட்டேன் என்றார். கோபக்காரர் இல்லை. பிளேன்டீ வரவழைத்துத் தந்தார், பிறகு ஒரு கோவையை எடுத்து மேசையில் வைத்தார். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வு அனுமதிக் கடிதங்கள், துளைபோட்டு ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்தபடி. அடியில் கிடந்தவை மஞ்சளாகியிருந்தன. கல்வி முதுமாணி, பட்டப்பின் கல்வி டிப்ளோமா, உளவளத்துணை, சமூகவியல் என்று எல்லாத் துறையும் அதில் இருந்தது.

"இவ்வளவு பேரும் வந்து போனவங்க டீச்சர். பிள்ளைகள வெளிய மர நிழல்ல இருத்தி வாசிக்க வெச்சுப் பார்த்தவங்க. என்ட டீச்சர்மார பாட நேரத்தில புடிச்சு வெச்சு வினாக்கொத்து நிரப்பினவங்க. ஒருத்தராவது என்ன கண்டுபிடிச்சம் எண்டு ஒரு துண்டு எழுதி அனுப்பல்ல. நீங்க அனுப்புவீங்களா?"

அனுப்புவேன் என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொன்னவங்க" என்றார்.

வெளியே வந்தபோது பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாயிடம் பேச்சுக் கொடுத்தேன். நான் எதற்கு வந்தேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே தொடங்கிவிட்டார். "முன்னம் ஒரு டீச்சர் வந்து இதத்தான் கேட்டவ, மகள். வீட்டில புத்தகம் இரிக்கா, ராவையில புள்ளைக்கு ஆரு சொல்லிக் குடுக்கிற, வெட்டு நாளையில புள்ள எங்க நிக்கிற எண்டு. நான் எல்லாம் சொன்னன். மறுகா அவ பாஸ் பண்ணிட்டாவா?"

ஓம், பாஸ் பண்ணியிருப்பா என்றேன். அந்த அம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோசம்.

அந்த டீச்சர் வந்தபோது தரம் 3 இல் இருந்த அந்த அம்மாவின் மூத்த மகன் ஓஎல் பரீட்சை எடுக்காமலே விட்டுவிட்டு இப்போது வயல் வட்டைக்கு வேலைக்குப் போகிறானாம். அவன் எந்த எழுத்தில் தடுமாறினான், எந்த மாதத்தில் எத்தனை நாள் வரவில்லை என்பதெல்லாம் அந்தக் கறுப்பு மட்டைக்குள் ஏதோ ஒரு அட்டவணையில் இருக்கக்கூடும். அவனுக்கு அடுத்த ஆண்டு படிப்பித்த ஆசிரியருக்கு அந்த அட்டவணை கிடைக்கவில்லை. பரீட்சகர்கள் பார்த்தார்கள், புள்ளி போட்டார்கள், அலுமாரியில் வைத்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோளின் இரண்டாவது பாதி: ஆய்வு நடந்த ஒவ்வொரு பாடசாலைக்கும் கண்டது என்ன என்று தமிழில் இரண்டு பக்கம் போகவேண்டும். கட்டிய பிரதியை ஒப்படைக்கும்போது, அந்த இரண்டு பக்கத்தை அதிபர் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தையும் கேளுங்கள். நூலகக் கடன் இல்லை என்று ஒப்பம் கேட்கிறீர்கள், கட்டணம் கட்டிய பற்றுச்சீட்டுக் கேட்கிறீர்கள். இதையும் ஒன்றாகக் கேட்டால் எங்களுக்குப் பாரமில்லை.

எங்கள் ஆய்வேடுகளின் ஐந்தாம் அத்தியாயம் பரிந்துரை. பெற்றோருக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தவேண்டும், ஆசிரியருக்குப் பயிற்சி வழங்கவேண்டும், வலயம் மேற்பார்வையைக் கூட்டவேண்டும் என்று முடியும். சுருக்கங்களின் கடைசி வரிகளை வாசித்தே இதைச் சொல்கிறேன், மிச்சம்தான் பூட்டியிருக்கிறதே. இந்தப் பரிந்துரையெல்லாம் யாருக்கு? வலயத்துக்குப் பிரதி போவதில்லை, பாடசாலைக்குப் போவதில்லை, பெற்றோருக்குக் கேட்கவே வேண்டாம். அலுமாரிக்குத்தான் பரிந்துரைக்கிறோம்.

திறந்து வைத்தால் திருடுவார்கள் என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் சொன்னார். திருட்டு இப்போதே நடக்கிறது, சேர். ஆய்வேடு தட்டச்சு செய்து, பைண்ட் பண்ணிக் கொடுக்கும் கொமினிகேஷன் கடைகளின் கணினிகளில் உங்கள் அலுமாரியில் இருப்பதைவிடக் கூடுதலான ஆய்வேடுகள் கிடக்கின்றன. இரண்டாம் அத்தியாயம் வேண்டுமா, வினாக்கொத்து வேண்டுமா என்று கேட்டே தருகிற இடமும் உண்டு. பூட்டு நேர்மையாகக் கடிதத்தோடு வருகிறவரை மட்டும்தான் மறிக்கிறது. பார்த்தெழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளும் தன்னிடம் உள்ளதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கும். உள்ளே பூட்டிக் கிடப்பதிலிருந்து எடுத்தால் அதற்கு எப்படித் தெரியும்? எல்லோர் கண்ணிலும் படும் ஆய்வேட்டிலிருந்து திருடத்தான் பயம் வரும்.

பிள்ளைகளின் அந்தரங்கம் என்ற காரணம் வேறு. அதை நான் மதிக்கிறேன். ஆற்றுக்கு அப்பால் ஒரே ஒரு பாடசாலைதான் என்றால், பெயரை மறைத்து 'பாடசாலை அ' என்று போட்டாலும் ஊருக்குத் தெரிந்துவிடும். அப்படியான பகுதிகளை நீக்கிய பிரதியை வெளியிடலாம். கட்டுரையாகப் பிரசுரிக்க விரும்புகிறவருக்கு ஒரு வருடம் தவணை கொடுக்கலாம். ஆனால் இந்தக் காரணத்தைச் சொல்லித் தொண்ணூறு பக்கத்தையும் மூடிவைப்பது எந்தப் பிள்ளையையும் காப்பாற்றுவதாக எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் கல்வியியல் பீடத்தோடு நிற்கிற கதையும் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பில் கல்லடி, நாவலடி, திருச்செந்தூர்ப் பக்கம் எத்தனை பேர் படிவத்தோடு வந்தார்கள் என்று அங்குள்ளவர்களிடம் கேளுங்கள். எத்தனை பேரை இழந்தீர்கள், இரவில் நித்திரை வருகிறதா, கடலைப் பார்த்தால் என்ன தோன்றுகிறது? பதில் சொன்னவர்களுக்கு அந்தப் பதில்கள் என்ன ஆயின என்று தெரியாது. எங்கள் தாய்வழிக் குடிமுறை பற்றியும் கண்ணகை அம்மன் சடங்கு பற்றியும் வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றை வாசிக்க டொலரில் காசு கேட்பார்கள். வெள்ளைக்காரன் வந்து கேட்டுக்கொண்டு போய்ப் பூட்டிவைக்கிறான் என்று நீங்களே வகுப்பில் உருக்கமாகச் சொல்லித்தந்தீர்கள், குறிப்பும் எடுத்தோம். நாங்கள் தமிழில் கேட்டு, தமிழில் எழுதி, அதே வேலையைச் செய்கிறோம்.

வேறு வழியே இல்லை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். என் கடிதங்கள் உங்கள் அலுவலகத்தில் கிடக்கும் வேகத்தோடு பார்த்தால் அது மின்னல். ஆனால் ஒரு மாணவி தன் பல்கலைக்கழகத்து நூலகத்தில் ஒரு புத்தகத்தைப் பார்க்கச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவது உங்களுக்கும் அழகில்லை, எனக்கும் விருப்பமில்லை. கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

'ஏற்கனவே செய்தாச்சு' என்பதை நான் ஆய்வைக் கைவிடும் காரணமாக எடுக்கவில்லை. அந்த டீச்சர் பார்த்த அதே பாடசாலைகளில், அவர் பாவித்த அதே வாசிப்புப் பட்டியலை வைத்து இன்றைய தரம் 3 பிள்ளைகளை வாசிக்கச் சொன்னால், இடையில் என்ன மாறியது என்று தெரியும். அவருடைய பிள்ளைகள் இப்போது எங்கே நிற்கிறார்கள் என்றும் போய்ப் பார்க்கலாம். படுவான்கரையில் ஒரே இடத்தை இரண்டாம் முறை பார்த்த ஆய்வு என் கண்ணில் பட்டதில்லை, இருந்தாலும் அலுமாரிக்குள் இருக்கும். அதைச் செய்ய அவருடைய மூன்றாம் அத்தியாயமும் பின்னிணைப்பும் எனக்கு வேண்டும்.

எனவே பணிவோடு கேட்கிறேன். முடிந்த ஆய்வேடுகளை முழுமையாக இணையத்தில் திறந்து வைக்கும் தீர்மானத்தை பல்கலைக்கழக மூதவையின் (செனட்) அடுத்த கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். பாடசாலைக்கு இரண்டு பக்கம் என்ற விதியை அடுத்த பிரிவினரின் கையேட்டிலேயே அச்சிடுங்கள். அதுவரைக்கும் சனி ஞாயிறில் ஆய்வேட்டு அறையில் ஒருவர் இருக்க ஒழுங்கு செய்யுங்கள். நாங்கள் உள்ளே இருந்தே வாசித்துவிட்டுப் போகிறோம்.

அந்த அதிபரின் கடிதம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. முன்னே வந்துபோனவர்களின் சுருக்கங்களை முதலில் கொண்டுவரட்டாம், பிறகு பார்ப்போமாம். அவர் கேட்பது நியாயம் என்று உங்களுக்கும் பட்டால், அவருடைய பாடசாலையின் பெயர் உள்ள ஆய்வேடுகளின் பட்டியலை எனக்கு அனுப்பிவையுங்கள். மிச்சத்தை நான் தட்டச்சு செய்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கல்வி முதுமாணி மாணவி ஒருத்தி,
படுவான்கரை, மட்டக்களப்பு.