எட்டு அடிக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வரும் 5 முதல் 8 வயதுப் பிள்ளைகளின் சியர்லீடிங் (கோஷமிட்டுக் குழுவாக ஆடும் உற்சாக ஆட்டம்) வகுப்புக்குத் தோள்கொடுத்த எல்லாருக்கும் இந்த மடல்.

முதலில் உறுமி மேளத் தம்பிகளுக்கு. சியர்லீடிங்கில் எல்லாமே எட்டு எண்ணிக்கைதான். மாலை மழை மண்டபத்துத் தகரக் கூரையில் இறங்கினால், தொண்டை கிழிய எண்ணினாலும் பின்வரிசைக்குக் கேட்காது. எண்ணிக்கை கேட்காத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து ஆடும். அப்படியே பேச்சும் தொடங்கிவிடும். உங்கள் மேளம் மழையையும் மீறிக் கேட்டது. எட்டாவது அடியில் நீங்கள் சட்டென நிறுத்த, கல்லாய் உறைந்து நிற்கும் விளையாட்டுக்காகவே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

பிள்ளைகள் கையில் பிடித்து உதறி ஆடும் பாம்பாம் குஞ்சங்களைக் கட்டித் தந்த பாட்டிமார்களே, 15 செ.மீ. அகல அட்டையில் ராஃபியா என்னும் பிளாஸ்டிக் நாடாக் கயிறு 60 சுற்று என்ற உங்கள் கணக்கு சின்னக் கைகளுக்குக் கச்சிதம். அதைவிடப் பெரிதானால் முகத்தை மறைக்கும். நடுவில் இரட்டை முடிச்சு போட்டீர்கள் பாருங்கள், அதில்தான் விஷயமே. ஒற்றை முடிச்சென்றால் உதறும்போது இழை உருவிக்கொண்டு வரும். பிள்ளை ஆட்டத்தை விட்டுவிட்டு அதைப் பொறுக்கக் குனியும். கடைசிப் பத்து நிமிடம் வரை பையைத் திறக்காமல் காத்ததற்கும் நன்றி. முன்பே கையில் கொடுத்தால் அந்தச் சரசரப்பில் எவர் சொல்வதும் காதில் விழாது.

அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது! வரிசையில் காத்து நிற்கும் பிள்ளைக்குத்தான் கவனம் சிதறும். மூன்று குழுவாகப் பிரித்து, கையசைவு, குதிப்பு, கோஷம் என ஐந்தைந்து நிமிடத்தில் இடம் மாற்றினீர்கள். தரையில் ஒட்டிய வண்ண டேப்பால் “எங்கே நிற்பது?” என்ற கேள்வியே எழவில்லை. வெறும் “சபாஷ்” என்னாமல், “முழங்கை மடங்கவே இல்லை, அப்படித்தான்” என்று பார்த்துப் பாராட்டினீர்கள். அடுத்த நிமிடமே பக்கத்துப் பிள்ளையின் முழங்கையும் நிமிர்ந்தது. பிள்ளைகளின் வலக்கைக்கு எதிரே தம் இடக்கையை உயர்த்தி, கண்ணாடிபோல் ஆடிக்காட்டிய ஆசிரியைக்கும் நன்றி.

ஆளைத் தூக்கும் சாகசம் இப்போது வேண்டாம் என்றதை ஏற்றுக்கொண்ட பெற்றோருக்குத் தனி நன்றி. சிமெண்டுத் தரையில், மெத்தையும், விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஆளும் இல்லாமல் அதைத் தொடவே கூடாது. வாசலில் நின்று கையசைக்காமல் வெளியே அமர்ந்தீர்கள். கடைசி ஐந்து நிமிட ஆட்டத்தை உங்களுக்குக் காட்டவே பிள்ளைகள் அவ்வளவு ஆசையாக உழைத்தார்கள்.

மைலோ கலக்கிய கைகளுக்கும் நன்றி. பச்சை ராஃபியா இன்னும் இரண்டு உருண்டை இருக்கிறது, மஞ்சள்தான் தீர்ந்துவிட்டது.

அன்புடன்,
பயிற்றுநர்கள்