நுவரெலியாப் பயணம்: ஓகஸ்ட் 14 இரவு புறப்பாடு

வணக்கம் உறவுகளே,

நுவரெலியாவில் விடுதி உறுதியாகிவிட்டது. ஓகஸ்ட் 14 வெள்ளி இரவு 9 மணிக்குக் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியிலிருந்து மினிபஸ் வெளிக்கிடும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வவுனியா, தம்புள்ளை, கண்டி வழியே போகிறோம். ஞாயிறு இரவு வீட்டுக்கு வந்துவிடலாம்.

1. இருக்கை 29, ஆட்கள் அதைவிடக் கூட. சின்னப் பிள்ளைகள் மடியில். நடுவில் உள்ள மடிப்பு இருக்கைகளை இளையவர்கள் எடுங்கள்.

2. குடும்பத்துக்கு ஒரு தோள்பை. சில்லுப் பெட்டி வேண்டாம், வைக்க இடமே இல்லை.

3. கம்பளை தாண்டி றம்பொடைப் பக்கம் வளைவுக்கு மேல் வளைவு. வாந்தி வருபவர்கள் இப்பவே சொல்லுங்கள், முன்வரிசை உங்களுக்குத்தான். கண்டியில் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். மணந்து பார்க்க ஒரு தேசிக்காயும் பொலித்தீன் பையும் கையில் இருக்கட்டும்.

4. நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரம். எங்கள் வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குளிர் புதிது. சுவெட்டர், காலுறை, காதை மூடும் தொப்பி கட்டாயம். மழையும் பெய்யும், குடை எடுங்கள்.

விடுதியில் எந்தத் திட்டமும் போடவில்லை. வயலும் அடுப்புமாக ஓடுகிற அம்மாமார் இரண்டு நாளாவது சமைக்காமல், மலையைப் பார்த்தபடி ஆறுதலாகத் தேத்தண்ணி குடிக்கவேண்டும். அதற்காகத்தான் சமையலோடு சேர்த்து விடுதி எடுத்தோம். விரும்புபவர்கள் சனி பின்னேரம் சீதா எலிய அம்மன் கோயிலுக்குப் போகலாம்.

பெயர், பிள்ளைகளின் வயது, ஏறும் இடம் மூன்றையும் ஓகஸ்ட் 5க்குள் இங்கே பதியுங்கள். மாங்குளத்தில் ஏறுபவர்கள் 10 மணிக்கே சந்தியில் நில்லுங்கள். வர முடியாதவர்களும் ஒரு சொல் எழுதுங்கள், அந்த இருக்கைக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.