மூடியது 2011இல், ஓய்ந்தது அதற்கு முன்பே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இதழில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் 2011 ஜூன் 30 வரை அது பரபரப்பாக இயங்கியது என்று ஒரு வரி இருக்கிறதே, அங்கே சிரிப்பு வந்துவிட்டது. பரபரப்பா? கடைசி ஆண்டுகளில் அங்கே ஏறவும் இறங்கவும் ஆளே கிடையாது.

என் அப்பா அந்த நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன், அதாவது வண்டி போகும் தடத்தை மாற்றிவிடுகிறவர். 1950களின் கடைசியில் நாங்கள் பக்கத்தில் ஏழாங்கட்டையில் (ஏழாவது மைல்கல் பகுதியில்) குடியிருந்தோம். பள்ளி விட்டதும் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. மலாயாவிலிருந்து பந்தயக் குதிரைகள் ரயிலில் வந்து அங்கேதான் இறங்கும். புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடல் அப்போது பக்கத்தில்தானே இருந்தது. ஆட்களுக்குக் கிடைக்காத உபசாரம் அந்தக் குதிரைகளுக்கு நடக்கும் என்பார் அப்பா.

அப்புறம் ரயிலில் குதிரை வருவது நின்றது. சாலையில் பஸ் அடிக்கடி ஓடும்போது நாளைக்குச் சில தடவை மட்டும் வரும் ரயிலுக்காக யார் காத்திருப்பார்கள்? நிலையம் ஆள் இல்லாமல் போனது இப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாக.

அப்படியானால் அதை ஏன் அப்போதே இழுத்துப் பூட்டவில்லை? கட்டுரையில் விட்டுப்போன விஷயம் இதுதான். நம் ஊரில் ஓடியது ஒற்றைத் தண்டவாளம். தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து ஒரு வண்டியும் வடக்கே உட்லண்ட்ஸ் பக்கமிருந்து ஒரு வண்டியும் வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். அந்த இடம் புக்கிட் தீமா. டிரைவர் கையில் டோக்கன் இல்லாமல் அடுத்த பகுதிக்குள் வண்டி நுழையக்கூடாது. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதியின் இரண்டு முனையிலும் இருக்கும் டோக்கன் இயந்திரங்கள் இன்னொன்றைத் தராது. எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் காத்தது அந்தச் சின்ன உலோகத் துண்டுதான். அதைப் பையில் போட்டுப் பெரிய வளையத்தில் கட்டி அப்பா நீட்டிக்கொண்டு நிற்பார். ஓடும் வண்டியிலிருந்து டிரைவர் பழைய வளையத்தை வீசிவிட்டுப் புதியதில் கையை நுழைத்து எடுத்துக்கொள்வார். தவறினால் முழங்கையில் நல்ல அடி. அப்பாவின் வலது தோள் கடைசிவரை சரியாகவில்லை.

பயணி இல்லாத நிலையம்தான், வேலை இல்லாத நிலையம் அல்ல. வண்டிக்கு வழி காட்டும் கைகாட்டி மரமும் அதை இயக்கும் நெம்புகோல்களும் கடைசி நாள்வரை அங்கே இருந்தன. அதை நவீனமாக்க ஏன் யாரும் மெனக்கெடவில்லை என்பதற்கு என் கணக்கு எளிது. தடம் இருந்த நிலம் மலேசிய ரயில்வேயிடம் 999 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. அந்த நிலம் பற்றிய 1990 ஒப்பந்தத்துக்குப் பிறகும் சிங்கப்பூர், மலேசியா இரண்டு அரசும் இருபது ஆண்டு பேசிக்கொண்டே இருந்தன. நாளை கைமாறப்போகும் வீட்டுக்கு எவர் சாயம் அடிப்பார்?

கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிப் போன அன்று கூட்டமோ கூட்டம். நானும் கேமராவோடு நின்றேன். நாம் கடைசியாக எப்போது ரயில் ஏறினோம் என்று மனைவி கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இடிக்காமல் காப்பாற்றினார்கள், அதற்கு நன்றி. 2022 ஜூலையில் நிலையத்தைத் திறந்துவிட்டார்கள், ஊழியர் குடியிருப்பு உணவகமாகிவிட்டது, தண்டவாளத்தில் கொஞ்ச தூரமும் வைத்திருக்கிறார்கள். கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் இறங்கி நடந்தே போகலாம். போன மாதம் பேத்தியோடு போனேன். "தாத்தா, கைகாட்டின்னா கூகுள் மேப்பா?" என்று கேட்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

அந்தத் தடத்தில் சல்லிக்கல் அடித்துப் போட்டவர்களிலும் தடத்தைப் பராமரிக்கும் கேங்கில் நின்றவர்களிலும் நம்மவர் ஏராளம். காமன்வெல்த் டிரைவில் இன்று இருக்கும் முனீஸ்வரன் கோயிலே 1932இல் குவீன்ஸ்வே தண்டவாளத்து ஓரம் ரயில்வேத் தொழிலாளர்கள் தொடங்கியதுதான். புக்கிட் தீமாவில் நாம் இன்று பார்க்கும் நிலையக் கட்டடமும் அதே 1932. சாமி புது இடத்துக்குப் போய்விட்டார், நிலையம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. வேலை பார்த்தவர்களைப் பற்றித்தான் தமிழில் அதிகம் படிக்கக் கிடைக்கவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களில் எண்பதை நெருங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பேசி உங்கள் இதழில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மண்டோர் (மேஸ்திரி), எந்த கேங், யார் எந்த ரயில்வே கேட்டில் காவல் என்பதெல்லாம் அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். என்னிடம் அப்பாவின் கைவிளக்கு இருக்கிறது. சிவப்புக் கண்ணாடியில் ஒரு கீறல், பச்சை நன்றாக இருக்கிறது. படம் எடுக்க வேண்டுமானால் நானே அலுவலகத்துக்குக் கொண்டுவருகிறேன். காலை நேரமாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகர் ஒருவர்,
குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்