சைக்கிளுக்குப் பின்விளக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இருட்டிய பிறகு சைக்கிளில் வீடு திரும்புகிறவர்கள் வேலூர், ராணிப்பேட்டை பகுதிகளில் இன்னும் நிறையவே இருக்கிறார்கள். தோல் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள், பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடி பக்கம் போகிற கூலித் தொழிலாளிகள், சிறப்பு வகுப்பு முடிந்து வரும் பிளஸ் 2 பிள்ளைகள். இவர்களின் சைக்கிள்களில் பின்விளக்கைப் பார்ப்பதே அரிது.

முன்பெல்லாம் லைட் இல்லாமல் வந்தால் போலீஸ்காரர் மறித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார். அந்தப் பயத்திலாவது, டயரில் உரசிச் சுழன்று விளக்கை எரியவைக்கும் டைனமோவை மாட்டினார்கள். வண்டி நின்றால் விளக்கும் அணைந்துவிடும், மழையில் டயர் நனைந்தால் டைனமோ வழுக்கும் என்றாலும் ஏதோ ஒரு வெளிச்சம் இருந்தது. இப்போது செல்போன் டார்ச்சைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஓட்டுகிறார்கள். அது முன்னால் இருக்கும் பள்ளத்தைக் காட்டும். பின்னால் வரும் லாரிக்கு ஆளைக் காட்டாது.

ரிப்ளெக்டர்தான் இருக்கிறதே என்பார்கள். பின் மட்கார்டில் இருக்கும் அந்தச் சிவப்பு வில்லையை ஒருமுறை குனிந்து பாருங்கள். கேரியரில் ஏற்றிய புல்லுக்கட்டு அதை முழுக்க மூடியிருக்கும். சுமை இல்லாத வண்டியிலோ சேறு காய்ந்து அப்பியிருக்கும். துடைத்து வைத்தாலும், முகப்பு விளக்கின் ஒளி நேராகப் பட்டால்தான் அது மின்னும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசவைக்கும்போது, ஓட்டுநர் சைக்கிளைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

புதிய மோட்டார் சைக்கிள்களில் பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்று 2017 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. எஞ்சின் வண்டிக்குக் காட்டும் அக்கறையில் கொஞ்சம் சைக்கிளுக்கும் கிடைக்கக் கூடாதா?

பிளஸ் 1 மாணவர்களுக்கு அரசு வழங்கும் விலையில்லா சைக்கிளிலேயே பேட்டரியில் எரியும் சிவப்புப் பின்விளக்கைப் பொருத்தித் தர வேண்டும். அதைக் கேரியருக்குக் கீழே, பின் சக்கரத்தின் அச்சை ஒட்டி மாட்டினால் எந்தச் சுமையும் மறைக்காது. பெடலில் ரிப்ளெக்டர் இருப்பதும் அவசியம். அது மேலும் கீழும் அசைவதால், முன்னே போவது சைக்கிள்தான் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். தொழிற்சாலை நிர்வாகங்களும் இரவு ஷிப்டுக்கு வரும் தங்கள் ஆட்களுக்கு ஆளுக்கொரு விளக்கு வாங்கித் தரலாம். மழைக்காலம் தொடங்குவதற்குள் மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துக் காவல் துறையும் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காட்பாடி.